பக்கத்தில் இருப்பவரிடம் அன்புகூருவது எப்படி? விசுவாச வாழ்க்கையைப் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு

“உன்னிடத்தில் நீ அன்புகூருவதுபோலப் பிறனிடத்திலும் அன்புகூருவாயாக” என்பதை ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள்கூட மூச்சுவிடாமல் ஒப்பிப்பார்கள். சரி, நாளைக் காலையில் எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டால், வருஷக்கணக்கில் ஆலயத்துக்கு வருகிறவர்களும் கொஞ்சம் யோசிக்கத்தான் செய்வார்கள். ஞானஸ்நானம் எடுத்துச் சில மாதங்களே ஆனவர்களும் அதற்கு ஆயத்தமாகிறவர்களும் இந்தக் கேள்வியோடுதான் வருகிறார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

வேதத்தைத் திறந்து லேவியராகமம் 19-ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தக் கட்டளையை இயேசுதான் முதன்முதலில் சொன்னார் என்று நினைப்பவர்கள் உண்டு. அவர் எடுத்துச் சொன்னது இந்த அதிகாரத்தின் 18-ஆம் வசனத்தை. அந்த ஒரு வசனத்தை மட்டும் படித்தால் அழகாக இருக்கும், ஆனால் கைக்கு எட்டாததுபோல இருக்கும். முன்னும் பின்னும் உள்ளவற்றோடு சேர்த்துப் படித்துப் பாருங்கள். அறுக்கும்போது வயலின் ஓரத்தை எளியவனுக்கு விட்டுவிடு. கூலிக்காரனுடைய கூலியை விடியும்வரை வைத்திருக்காதே. காது கேளாதவனை நிந்திக்காதே. கண் தெரியாதவன் முன்னே தடுக்கலை வைக்காதே. கோள் சொல்லித் திரியாதே. நரைத்தவர் முன் எழுந்து நில். அந்நியனை ஒடுக்காதே. தராசிலும் படிக்கல்லிலும் ஏமாற்றாதே. அன்புகூரச் சொல்லும் வசனத்துக்கு அக்கம்பக்கத்தில் இருப்பவை கூலியும் தராசும் நாக்கும் நடைபாதையும்தான்.

இது எனக்குப் பெரிய ஆறுதல். அடுத்த வீட்டுக்காரர்மேல் பாசம் பொங்க வேண்டும் என்று கட்டளை இருந்திருந்தால் நம்மில் பாதிப்பேர் தொடங்கியே இருக்க மாட்டோம். பாசம் வருகிறபோது வரட்டும். கூலியை இன்றைக்கே கொடுக்க முடியும், நாக்கை இன்றைக்கே அடக்க முடியும்.

முதலில் கெடுதல் நிற்கட்டும்

ஆர்வத்தில் எல்லோரும் எதையாவது கொடுப்பதில் தொடங்குகிறார்கள். பவுல் ரோமர் 13-ஆம் அதிகாரத்தில் சொல்வது வேறு: “அன்பானது பிறனுக்குப் பொல்லாங்கு செய்யாது.” ஆகவே நான் யாருக்கு, எதில் தொந்தரவாக இருக்கிறேன் என்று பார்ப்பதே முதல் வேலை. இதை உங்களிடமே கேட்டுக்கொண்டால் சரியான பதில் வராது. வீட்டில் உள்ளவர்களைக் கேளுங்கள், உடனே சொல்லிவிடுவார்கள்.

கூலியிலிருந்து ஆரம்பியுங்கள். வீட்டு வேலைக்கு வருகிறவர், குழாய் பழுது பார்த்தவர், பிள்ளைக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பவர், இப்படி யாருக்காவது சம்பளப் பாக்கி இருந்தால் இந்தக் கட்டுரையை அப்படியே வைத்துவிட்டு முதலில் அதைக் கொடுங்கள். “சில்லறை இல்லை, நாளைக்கு வாங்க” என்பது நமக்குச் சாதாரணப் பேச்சு. அவருக்கு அது ஒரு ராத்திரியின் கவலை. பணம் கையில் இருக்கும்போது அயலானைப் பார்த்து “நீ போய்த் திரும்ப வா” என்று சொல்லாதே என நீதிமொழிகள் 3-ஆம் அதிகாரமும் எச்சரிக்கிறது.

தடுக்கல் என்றதும் கண்ணில்லாதவர் முன்னே கல்லை எடுத்து வைக்கும் கொடுமைக்காரன் ஒருவன் மனதில் வருவான். இன்றைக்கு அந்தக் கல்லின் இடத்தில் நடைபாதையில் ஏற்றி நிறுத்திய நம் வண்டி நிற்கிறது. பார்வையில்லாதவரும் சக்கர நாற்காலியில் வருகிறவரும் அதைச் சுற்றிப் போக நடுச்சாலையில் இறங்க வேண்டியிருக்கிறது. மாடிப்படியில் அடுக்கிய செருப்பு, பொது வழியில் வைத்த பழைய சாமான் எல்லாம் இந்தக் கணக்கில்தான் சேரும்.

சபையார் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வீட்டுக் கூட்டம் நடத்தும் நாளில் வருகிறவர்களின் வண்டி யார் வீட்டு வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிறது? பாட்டுச் சத்தம் எத்தனை வீட்டுக்குக் கேட்கிறது? அதிகாலையில் உரத்த சத்தத்தோடு சொல்லும் ஆசீர்வாதம் சாபமாக எண்ணப்படும் என்று நீதிமொழிகள் 27:14-லேயே இருக்கிறது. அண்டை வீட்டில் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையோ படுக்கையில் கிடக்கும் பெரியவரோ இருந்தால் சத்தத்தைக் குறைத்துப் பாடுவதும் ஆராதனையைச் சேர்ந்ததுதான்.

அடுத்தது நாக்கு. கோள் சொல்வது பாவம் என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் நம் நடுவில் அது வேறு வேஷம் போட்டு வருகிறது: “அந்தத் தங்கச்சி குடும்பத்துக்காக ஜெபிச்சுக்கோங்க, வீட்ல ஏதோ பிரச்சினையாம், அவர் ராத்திரி லேட்டாத்தான் வர்றாராம்...” ஜெபக்குறிப்பு என்ற பெயரில் ஒரு குடும்பத்தின் மானம் வாட்ஸ்அப் குழுவில் பந்தி வைக்கப்படுகிறது. ஒருவருடைய விஷயத்தை ஜெபத்துக்குச் சொல்லும் முன் அவரிடமே கேளுங்கள்: “இதை ஜெபத்துக்குச் சொல்லலாமா? பெயரோடா, பெயரில்லாமலா?” வேண்டாம் என்றால் நீங்கள் தனியாக ஜெபியுங்கள். தேவனுக்கு அந்தக் குழுவின் வழியாகச் செய்தி போக வேண்டியதில்லை.

பெயரைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஒரு தாளை எடுத்து, நடுவில் உங்கள் வீட்டை ஒரு கட்டமாகப் போடுங்கள். சுற்றிலும் இருக்கும் வீடுகளையும் கட்டங்களாகப் போட்டு, உள்ளே இருப்பவர்களின் பெயரை எழுதுங்கள். பாதிக் கட்டங்கள் காலியாகத்தான் இருக்கும், அல்லது “மேல்வீட்டு அங்கிள்”, “நாய் வளர்ப்பவர்கள்” என்று இருக்கும். பிறகு நாள்தோறும் கடந்துபோகிறவர்களை ஓரத்தில் எழுதுங்கள்: வாசல் காவலர், பெருக்குகிறவர், அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர், பிள்ளையின் பள்ளி வண்டி ஓட்டுநர்.

முதல் மாதத்துக்கு இந்தக் காலிக் கட்டங்களை நிரப்புவதே போதும். “இத்தனை நாளாப் பார்க்கிறோம், உங்க பேரைக் கேட்டதே இல்லையே” என்று சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கேட்ட பெயரை அன்றே எழுதி வையுங்கள், அடுத்த முறை அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். பெரியவராக இருந்தால் பெயரோடு ஐயாவோ அம்மாவோ அண்ணனோ அக்காவோ சேரட்டும். பெருக்குகிற அம்மாவுக்கும் அது பொருந்தும். அவரை “இந்தா” என்று கூப்பிட்டுவிட்டுப் பிறனிடத்தில் அன்பைப் பற்றி நாம் பேச முடியாது.

அந்தத் தாளே உங்கள் ஜெபத் தாளாகவும் இருக்கட்டும். காலை ஜெபத்தில் ஒரு நாளைக்கு இரண்டு பெயர் போதும். ஒருவருக்காக நாள்தோறும் ஜெபித்துவிட்டு லிப்டில் அவரைப் பார்க்காததுபோல நிற்க முடியாது. இதைச் செய்து பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

சமாரியன் செய்த வேலைகள்

லூக்கா 10-ஆம் அதிகாரத்தில் வரும் நல்ல சமாரியன் கதை எல்லோருக்கும் தெரியும். தெரிந்த கதை என்பதாலேயே வேகமாகப் படித்துவிடுகிறோம். எருசலேமிலிருந்து எரிகோவுக்குப் போகிற வழி சுமார் 25 கிலோமீட்டர். அந்தத் தூரத்துக்குள் ஏறத்தாழ 1,000 மீட்டர் கீழே இறங்க வேண்டும். வறண்ட மலைப் பள்ளத்தாக்கு, திருடர் ஒளிந்துகொள்ள வசதியான வளைவுகள். அங்கே திருடர் அடித்துப் போட்டுக் குற்றுயிராய்க் கிடந்தவனை ஆசாரியனும் ஆலயப் பணி செய்யும் லேவியனும் பார்க்காமல் போகவில்லை. “கண்டு, பக்கமாய் விலகிப்போனான்” என்றே எழுதியிருக்கிறது. நின்றால் தங்களுக்கும் அதே கதி வரலாம் என்று பயந்திருக்கலாம். அந்தப் பயத்தை நாம் லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இப்போது சமாரியனின் வினைச்சொற்களை மட்டும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். கண்டான். மனதுருகினான். கிட்ட வந்தான். காயங்களில் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்தான். கட்டினான். தன் சொந்த வாகனத்தில் ஏற்றினான். சத்திரத்துக்குக் கொண்டுபோனான். பராமரித்தான். மறுநாள் இரண்டு பணம் எடுத்துக் கொடுத்தான். மேலே செலவானால் திரும்பி வரும்போது தருவேன் என்றான். மனதுருக்கம் இதில் ஒரே ஒரு சொல். மற்றதெல்லாம் கையும் காலும் பணமும் நேரமும்.

எண்ணெயும் திராட்சரசமும் அவன் போகிற வழிக்கு எடுத்து வந்தவை. அந்தக் காலத்தில் காயத்துக்கு அவையே மருந்து. அவன் வைத்தியன் என்று கதையில் எங்கும் இல்லை, கையில் இருந்ததைப் பயன்படுத்தினான். காயப்பட்டவனை வாகனத்தில் ஏற்றியதால் மீதி வழி சமாரியன் நடந்திருக்க வேண்டும். இரண்டு பணம் என்பது கூலியாளுக்கு இரண்டு நாள் கூலி. திராட்சத் தோட்டத்து உவமையில் (மத்தேயு 20) ஒரு நாளைக்கு ஒரு பணம் என்று பேசிக்கொள்வதை வைத்து இதைக் கணக்கிடலாம். சொத்தை விற்றுக் கொடுக்கவில்லை, ஆனால் கொடுத்தது கணக்கில் தெரிகிற தொகை.

எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது மறுநாள் காலைதான். சமாரியன் புறப்பட்டுப் போய்விடுகிறான். அவனுக்கு வேலை இருந்தது, பயணம் பாதியில் நின்றிருந்தது. காயப்பட்டவனைச் சத்திரக்காரன் கையில் ஒப்படைத்துவிட்டு, செலவையும் ஏற்றுக்கொண்டு, திரும்பி வருவேன் என்று சொல்லிவிட்டுப் போகிறான். கிட்டப் போவது, கையில் இருப்பதைச் செய்வது, தெரிந்தவர் கையில் ஒப்படைப்பது, திரும்பி வந்து விசாரிப்பது: புதிதாகத் தொடங்குகிறவருக்கு இந்த வரிசை போதும். எந்தச் சூழ்நிலையிலும் இந்த நான்கில் எது இன்றைக்கு என் பங்கு என்று கேட்டுப் பாருங்கள்.

நம்மில் பலர் தவறவிடுவது நான்காவதைத்தான். ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்துவிட்டு வருவோம். வீட்டுக்கு வந்த பிறகு பத்தாம் நாள், இருபதாம் நாள் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. அந்த நாட்களை உங்கள் கைபேசியில் நினைவூட்டலாகப் போட்டுவையுங்கள்.

என்ன வேண்டும் என்று கேளுங்கள்

அதே எரிகோவில் பர்திமேயு என்ற பார்வையற்ற பிச்சைக்காரன் இயேசுவைக் கூப்பிட்டான். அவனுக்கு என்ன குறை என்று கூட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். இருந்தும் இயேசு, “நான் உனக்கு என்ன செய்யவேண்டும் என்றிருக்கிறாய்” என்று கேட்டார் (மாற்கு 10:51). நாமோ கேட்காமலே முடிவு செய்து, நமக்குச் செய்யப் பிடித்ததைச் செய்துவிட்டு வந்துவிடுகிறோம்.

கேட்பதிலும் ஒரு வழி இருக்கிறது. “எது வேணும்னாலும் தயங்காம சொல்லுங்க” என்பது நல்ல எண்ணத்தில் சொல்வதுதான். ஆனால் யோசித்து, கூச்சத்தை விட்டு, ஆளைத் தேடி வந்து கேட்கிற பாரத்தை அது கஷ்டத்தில் இருப்பவர் தலையிலேயே வைத்துவிடுகிறது. குறிப்பாகக் கேளுங்கள்:

“அக்கா, நாளைக்கு அண்ணனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறீங்கள்ல, பிள்ளைங்கள ஸ்கூல்ல இருந்து நான் கூட்டிட்டு வந்துடட்டுமா? இல்ல ராத்திரிச் சாப்பாடு செஞ்சு கொண்டுவரட்டுமா? எது உங்களுக்கு வசதி?”

இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது சுலபம். “ரெண்டும் வேண்டாம்மா, அவரோட அம்மா தனியா இருப்பாங்க, சாயங்காலம் ஒரு மணி நேரம் கூட இருந்தாப் போதும்” என்று நீங்கள் நினைத்தே பார்க்காத மூன்றாவது ஒன்றும் வரலாம். அதுதான் உண்மையான தேவை. வேண்டாம் என்று சொன்னால் விட்டுவிடுங்கள், முகம் சுளிக்க வேண்டாம்.

துக்கம் நடந்த வீட்டில்

இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். புதியவர்கள் மிகவும் பயப்படுவதும், பழையவர்கள் மிகவும் காயப்படுத்துவதும் இந்த இடத்தில்தான்.

பிள்ளைகளையும் சொத்தையும் இழந்த யோபுவின் சிநேகிதர் மூவரும் செய்த நல்ல காரியம் யோபு புத்தகத்தின் இரண்டாம் அதிகாரத்தின் கடைசியில் இருக்கிறது. ஏழு நாள், இரவும் பகலும் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள், ஒருவனும் ஒரு வார்த்தையும் பேசவில்லை. பிறகு வாயைத் திறந்து காரணம் சொல்லத் தொடங்கினார்கள். நீங்கள் எனக்கு அலட்டுண்டாக்குகிற தேற்றரவாளர் என்று யோபுவே கடைசியில் சொல்லும்படி ஆயிற்று.

போங்கள், உட்காருங்கள். “என்ன சொல்றதுன்னு தெரியல, உங்ககூட இருக்கலாம்னு வந்தேன்” என்பது போதுமான வார்த்தை. “எல்லாம் நன்மைக்கே”, “தேவனுக்குப் பிரியமானவரை சீக்கிரம் எடுத்துக்கொள்வார்”, “அழாதீங்க, சாட்சி கெட்டுப்போகும்” இவற்றில் ஒன்றையும் சொல்ல வேண்டாம். இறந்துபோன தம் சிநேகிதன் லாசருவை எழுப்பப்போகிறோம் என்று தெரிந்தும் இயேசு கண்ணீர் விட்டார். “அழுகிறவர்களுடனே அழுங்கள்” என்று ரோமர் 12-ல் இருக்கிறது, அழுகையை நிறுத்துங்கள் என்று இல்லை.

கண்ணுக்குத் தெரியும் வேலையைப் பாருங்கள். நாற்காலி போதவில்லையா, தண்ணீர் தீர்ந்துவிட்டதா, வாசலில் செருப்புகள் குவிந்து வழியை அடைக்கின்றனவா, சின்னப் பிள்ளைகள் பசியோடு மூலையில் உட்கார்ந்திருக்கிறார்களா? யாரையும் கேட்காமல் செய்யக்கூடிய வேலைகள் இவை. இறந்தவரின் பெயரைச் சொல்லிப் பேசத் தயங்காதீர்கள். அந்தப் பெயரை எல்லோரும் தவிர்ப்பதுதான் வீட்டாருக்கு வலிக்கும். வேறு மதத்தவர் வீடாக இருந்தாலும் இதே முறைதான். அவர்கள் சடங்கில் நீங்கள் கலந்துகொள்ளாமல் ஒதுங்கி நிற்கலாம், அமைதியாக நிற்க வேண்டும். பிரசங்கத்துக்கு அது நேரமல்ல.

பணம் கேட்கும்போது

கேட்கிறவருக்கு மறுக்கவும் முடியாமல், கொடுத்துத் திரும்பி வராமல் மனக்கசப்பில் முடிவதும் இங்கே அதிகம். என் யோசனை இதுதான்: திரும்பி வராவிட்டாலும் உறவு கெடாது என்று நினைக்கிற தொகையை மட்டும் கொடுங்கள், அதை மனதுக்குள் அப்போதே இனாமாக எழுதிவிடுங்கள். திரும்பி வந்தால் சந்தோஷம். லூக்கா 6:35-ல் கைம்மாறு கருதாமல் கடன் கொடுங்கள் என்று இயேசு சொல்வது இதற்குப் பக்கத்தில்தான் வருகிறது. வேறொருவர் கடனுக்குக் கையெழுத்துப் போடுவது வேறு விஷயம். பிணைப்படுவதைக் குறித்து நீதிமொழிகள் பல இடங்களில் எச்சரிக்கிறது. அந்த எச்சரிக்கையைக் கேட்பது அன்புக்குக் குறைவாகாது.

கொடுக்கிற விதம் தொகையைவிடப் பெரிது. ஏழை விதவையான ரூத் கதிர் பொறுக்க வந்தபோது, அவளுக்காகச் சில அரிகளை வேண்டுமென்றே விடுங்கள், அவளை அதட்டாதேயுங்கள் என்று வயலின் சொந்தக்காரன் போவாஸ் வேலைக்காரரிடம் சொன்னான். அவள் தன் கையால் பொறுக்கி, தன் உழைப்பாக வீட்டுக்கு எடுத்துப்போனாள். அவள் தலை குனிய வேண்டிய அவசியமே வரவில்லை. பொட்டலத்தோடு ஒருவரை நிறுத்திப் படம் எடுத்து ஸ்டேட்டஸில் போடுகிறவர்கள் ரூத் 2-ஆம் அதிகாரத்தை ஒருமுறை படிக்கட்டும். வலதுகை செய்வதை இடதுகை அறியாதிருக்கட்டும் என்றவர் கேமராவுக்கு மட்டும் விலக்கு கொடுக்கவில்லை.

ஒத்துப்போகாத அயலாரோடு

பிறன் என்றால் நமக்குப் பிடித்தவர் மட்டும் என்று கட்டளையில் இல்லை. சத்தம், குப்பை, தண்ணீர், வண்டி நிறுத்தும் இடம் என்று ஏதோ ஒன்றில் உரசல் வரும். கிறிஸ்தவர்கள் என்பதால் சகித்துக்கொண்டு உள்ளுக்குள் புழுங்குவதே அன்பு என்று பலர் நினைக்கிறார்கள். அன்புகூரச் சொல்லும் வசனத்துக்கு முந்தின வசனம் அதை மறுக்கிறது: சகோதரனை உள்ளத்தில் பகைக்காதே, அவனிடமே எடுத்துச் சொல். சொல்லாமல் மனதில் வைத்துப் பகைப்பதைவிட நேரில் சொல்வது அன்பு.

சொல்லப் போவதற்கு முன் ஒரு முறையாவது வேறு நல்ல காரியத்துக்கு அந்தக் கதவைத் தட்டியிருக்க வேண்டும். புகாரோடு வந்து நிற்பதே முதல் அறிமுகமாக இருக்கக் கூடாது. கோபம் ஆறிய பிறகு, தனியாக, பகல் நேரத்தில் போங்கள். மத்தேயு 18:15-ம் தனித்திருக்கும்போதுதான் சொல்லச் சொல்கிறது, குடியிருப்போர் குழுவில் எழுதச் சொல்லவில்லை.

“அண்ணா, ஒரு விஷயம் பேசணும், இப்ப நேரம் இருக்குமா?”

“சொல்லுங்க தம்பி.”

“ராத்திரி பதினொரு மணிக்கு மேல நாற்காலி இழுக்கிற சத்தம் கீழ நல்லாக் கேக்குது. பாப்பா முழிச்சிடுறா. உங்களுக்குத் தெரிஞ்சிருக்காதுன்னுதான் வந்தேன்.”

“அப்படியா? பையன் ஷிப்ட் முடிச்சு வந்து சாப்பிடுற நேரம் அது. நாற்காலிக் காலுக்கு ரப்பர் போட்டுடறேன்.”

நடந்தது என்ன, அதனால் நமக்கு என்ன கஷ்டம் என்று மட்டும் சொல்ல வேண்டும். “உங்க வீட்ல எப்பவுமே இப்படித்தான்” என்ற ஒரு வாக்கியம் போதும், எல்லாம் கெட்டுப்போகும். இத்தனைக்குப் பிறகும் அவர் மாறாமல் இருக்கலாம். “கூடுமானால் உங்களாலானமட்டும்” சமாதானமாயிருங்கள் என்றே பவுல் எழுதினார். நம் பங்கு முடிந்த பிறகு அவருக்கு வணக்கம் சொல்வதை மட்டும் நிறுத்தாதீர்கள்.

தவறு நம்முடையதாக இருந்தால் வரிசை மாறும். காணிக்கையைப் பலிபீடத்தின் முன்பே வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகு என்றார் இயேசு. ஆராதனைக்குக் கிளம்பும் வழியில் அந்தக் கதவைத் தட்டிவிட்டுப் போங்கள், கொஞ்சம் தாமதமானாலும் பரவாயில்லை.

உதவியைத் தூண்டிலாக்க வேண்டாம்

சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறோம், கூடவே ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு அழைப்பையும் வைக்கிறோம். அவர் வரவில்லை என்றால் அடுத்த வாரம் சாப்பாடும் நின்றுபோகிறது. வாங்குகிறவர் இதைக் கண்டிப்பாகக் கவனிப்பார். பத்துக் குஷ்டரோகிகளை இயேசு சுகமாக்கினார், திரும்பி வந்து மகிமைப்படுத்தியவன் ஒருவன்தான். மற்ற ஒன்பது பேர் எங்கே என்று அவர் கேட்டார், அவர்களுடைய சுகத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

3-ஆம் நூற்றாண்டின் நடுவில் வட ஆப்பிரிக்காவில் இருந்த கார்த்தேஜ் நகரத்தில் கொள்ளைநோய் பரவியது. கி.பி. 250-ல் ரோமப் பேரரசன் டெசியஸின் ஆணையால் கிறிஸ்தவர்கள் பட்ட துன்பத்தின் வடு ஆறாத நேரம் அது. அங்கே கண்காணியாக (பிஷப்பாக) இருந்த சிப்ரியான், நம்மவர்களை மட்டும் கவனித்தால் அதில் என்ன விசேஷம், நம்மைப் பகைத்தவர்களையும் கவனியுங்கள் என்ற கருத்தில் சபையைத் திரட்டினார். ஒரு நூற்றாண்டு கழித்து, 362-ல், பழைய தெய்வ வழிபாட்டை மீட்க முயன்ற பேரரசன் யூலியான் தன் பூசாரி ஒருவருக்குக் கடிதம் எழுதினான். இந்தக் கலிலேயர் (கிறிஸ்தவர்களை அவன் அப்படித்தான் அழைத்தான்) தங்கள் ஏழைகளை மட்டுமல்ல, நம் ஏழைகளையும் பராமரிக்கிறார்கள் என்பது அதில் அவனுடைய குறை. எதிராளியின் வாயிலிருந்து வந்த இந்தச் சாட்சியை அந்தச் சபையார் எந்தத் துண்டுப் பிரசுரத்தாலும் பெறவில்லை.

விசுவாசத்தைப் பற்றிப் பேசவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்று அவர்களே கேட்கும் நாள் வரும். அன்றைக்குத் தயங்காமல், சுருக்கமாக, உங்கள் சொந்த வார்த்தையில் சொல்லுங்கள். கேட்ட பிறகும் அவர் நம் பக்கம் வரவில்லை என்றால், அவருக்குச் செய்து வந்த எதுவும் குறையக் கூடாது.

எல்லை எங்கே

“உன்னிடத்தில் நீ அன்புகூருவதுபோல” என்பதில் நீங்களும் இருக்கிறீர்கள். கூட்டம் தேடிக்கொண்டிருக்கும்போதே இயேசு அதிகாலையில் எழுந்து வனாந்தரமான இடத்துக்குப் போய் ஜெபித்தார். எல்லா வீட்டுக் கதவையும் தட்டி, எல்லாப் பாரத்தையும் சுமந்து, மூன்றாம் மாதத்தில் சோர்ந்து விழுகிறவர்களை எல்லாச் சபையிலும் பார்க்கலாம். பெரும்பாலும் அவர்கள் வீட்டில் உள்ளவர்களே முதலில் அதன் விலையைக் கொடுக்கிறார்கள். மனைவியோ கணவனோ பிள்ளைகளோ “எங்களுக்கு மட்டும் உங்களுக்கு நேரமில்லை” என்று சொல்லத் தொடங்கினால், அவர்களும் பிறன் என்ற கணக்கில் உள்ளவர்கள் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

அடிக்கடி போவதும் தொந்தரவுதான். “உன் அயலான் சலித்து உன்னை வெறுக்காதபடி, அடிக்கடி அவன் வீட்டில் கால்வைக்காதே” என்று வேதத்திலேயே இருக்கும்போது நான் வேறென்ன சொல்ல?

சில காரியங்களில் தனியாக இறங்கக் கூடாது. பக்கத்து வீட்டில் அடிதடி நடக்கிறது, ஒரு பிள்ளை துன்புறுத்தப்படுகிறது என்று தோன்றினால் “குடும்ப விஷயம்” என்று ஒதுங்கவும் வேண்டாம், ஜெபித்துவிட்டு நாமே சமரசம் பேசி முடித்துவிடலாம் என்று நினைக்கவும் வேண்டாம். காவல்துறையையும் அதற்கென்று உள்ள உதவி எண்களையும் அழையுங்கள். பாதிக்கப்பட்டவரிடம் “பொறுத்துப் போங்க, மன்னிச்சிடுங்க” என்று சொல்லி அனுப்புவது அன்பல்ல. உயிரை மாய்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சு வந்தாலும் அப்படித்தான்: கூடவே இருங்கள், மருத்துவ உதவிக்கு ஆள் சேருங்கள், யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். சத்திரக்காரன் தேவைப்படுகிற நேரம் இது.

உங்களுக்கு யாராவது செய்ய வரும்போது

கொடுக்கக் கற்றுக்கொண்ட கிறிஸ்தவர்கள் பலருக்கு வாங்கத் தெரிவதில்லை. இயேசு ஒரு சமாரிய ஸ்திரீயிடம் “தாகத்துக்குத் தா” என்று கேட்டார், அந்தப் பேச்சு அங்கிருந்துதான் தொடங்கியது. எப்போதும் நாமே கொடுக்கிறவராக இருந்தால் பக்கத்து வீட்டுக்காரர் நம் தயவில் வாழ்கிறவராகிவிடுவார், அயலாராக ஆக மாட்டார்.

ஆகவே ஏணியோ குடையோ வேண்டுமென்றால் புதிதாக வாங்குவதற்கு முன் பக்கத்தில் கேளுங்கள். வாங்கியதைச் சொன்ன நாளில், துடைத்துத் திருப்பிக் கொடுங்கள். காய்ச்சலில் படுத்திருக்கும்போது கதவைத் தட்டி “ஏதாவது வேணுமா?” என்று ஒருவர் கேட்டால், “ஒண்ணும் வேண்டாங்க, சமாளிச்சுக்கிறேன்” என்று சொல்லி அனுப்பிவிடாதீர்கள். சின்னதாக ஒன்றைச் சொல்லுங்கள்: “இந்த மாத்திரையை மட்டும் வாங்கிட்டு வர முடியுமா அக்கா?”